பராக்கும் பயமும்



மாலைச் செபமாலை வேளையில் நம் இல்லங்களில் நிகழ்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உதடுகள் 'அருள் நிறைந்த மரியே' என்கின்றன. உள்ளமோ வட்டிக் கடனிலும், மகளின் திருமணத்திலும், நாளை வரவிருக்கும் மருத்துவச் சோதனை முடிவிலும் அலைகின்றது. "சுவாமி, செபத்தில் பராக்கு மிகுதி" என்று வருந்துவோர் பலர். பீடத்தின் முன் நிற்கும் எனக்கும் அது புதிதன்று.

திருச்சபையின் மறைவல்லுநரான அவிலா நகர்ப் புனித தெரேசாவே, செபநேரம் எப்போது முடியுமென்று கடிகார ஓசைக்குக் காத்திருந்த காலம் தமக்கும் உண்டென ஒப்புக்கொள்கிறார். ஆதலின் மனந்தளர வேண்டாம். பராக்கின் வேரைக் காண்போம். அவ்வேர் பெரும்பாலும் அச்சமே. கடல்மீது நடந்த பேதுரு, ஆண்டவரை விட்டுக் காற்றை நோக்கியபோதன்றோ அஞ்சி அமிழத் தொடங்கினார்!

வியட்நாம் நாட்டுப் பேராயர் நுயென் வான் துவான் 1975 ஆகஸ்டு 15, மாதா விண்ணேற்பு விழாவன்று கைதானார். சிறையிலும் காவலிலும் 13 ஆண்டுகள். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. தாம் 8 ஆண்டுகள் ஆயராயிருந்து வளர்த்த பணிகள் யாவும் பாழாகுமே என்ற ஏக்கம் அவரை உறங்கவிடவில்லை. ஓரிரவு உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது: இறைவன் வேறு, இறைவனின் பணிகள் வேறு; தாம் தேர்ந்துகொண்டது இறைவனையே. பணிகளை அவர் கையில் விட்டார், அமைதி கண்டார். வயிற்று மருந்து என்று எழுதி அனுப்பப்பட்ட இரசத்தில் மூன்று துளி, தண்ணீர் ஒரு துளி. உள்ளங்கையே கிண்ணமாகத் திருப்பலி நிறைவேற்றினார். களைப்பால் ஒரு செபமும் சொல்ல இயலாத நாள்களும் அவருக்கு இருந்தன. 1988-இல் விடுதலையடைந்தார், 2001-இல் கர்தினாலானார்.

நமக்கும் வழி இதுவே. மகளின் திருமணம் நினைவுக்கு வந்தால், அந்நினைவோடு போராடாதீர்கள். அவள் பெயரைச் சொல்லி ஆண்டவரின் கையில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த மணிக்குச் செல்லுங்கள். பத்துமுறை வந்தால் பத்துமுறை ஒப்படையுங்கள். அச்சமே செபமாகிவிடும். விடிந்ததும் மருத்துவரிடம் செல்லுங்கள். கடனுக்கு வழி தேடுங்கள். விசுவாசம் கடமையை நீக்குவதில்லை. கடமையைத் தனியே சுமக்கும் அச்சத்தையே நீக்குகின்றது.

அமிழ்ந்த பேதுருவின் கரம் பற்றிய ஆண்டவர் நம் இல்லங்களையும் காப்பாராக.