மண்ணில் விடலாமா பிள்ளையை?

வீடும் கிருமியும் – 7

திருவண்ணாமலையில் கைக்குழந்தை உள்ள பல வீடுகளில் தினமும் நடக்கிற பேச்சு இது. “மண்ணுல புரண்டாதான் உடம்பு கெட்டிப்படும், விடும்மா” என்பார் மாமியார். “வேணாம் அத்தை, கிருமி ஒட்டிக்கும்” என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு போவார் மருமகள். வீடு முழுக்கப் பினாயில் மணக்கும்.

மாமியார் பக்கம் அறிவியல் இருக்கிறது. 1958 மார்ச்சில் பிறந்த பிரிட்டன் குழந்தைகள் பதினேழாயிரம் பேரின் விவரங்களை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ராகன், அண்ணன் அக்கா நிறைய உள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வாமைத் தும்மல் குறைவு என்று 1989-ல் எழுதினார். சிறு வயதில் கிருமிகளோடு பழகியதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர் ஊகம். மண்ணிலும் கால்நடைகளிடமும் உள்ள, மனித குலத்தோடு நெடுங்காலம் வாழ்ந்துவரும் நுண்ணுயிர்கள்தான் நம் எதிர்ப்புச் சக்தியைப் பக்குவப்படுத்துகின்றன என்று ஆய்வாளர் கிரஹாம் ரூக் பின்னர் இதைத் திருத்தினார். ஆக, திண்ணை, தோட்டம், மாடு, நாய்க்குட்டி எதையும் பிள்ளைக்கு மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் மலத்தின் வழியே வரும் கிருமிகள் இந்தக் கணக்கில் சேராது. வேலூரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்காணித்தார்கள். ரோட்டா வைரஸ் மூன்று முறை தொற்றிய பிறகும், மிதமான, கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். அடிபட்டு அடிபட்டுத் தேறட்டும் என்று விடுவதற்குப் பிள்ளை கொடுக்கிற விலை மிக அதிகம்.

மலத்தால் பரவும் குடற்புழுவைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. ஊர் முழுக்கப் பெரியவர்களுக்கும் மாத்திரை கொடுத்தால் குடற்புழு பரவுவது நிற்குமா என்று பார்க்கும் ‘டிவார்ம்3’ ஆய்வு நடந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே முக்கியமான எதிரி கொக்கிப்புழு. வெட்டவெளியில் கழித்த மலத்தில் உள்ள முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பொரிந்து இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுகிறது. சோகை பிடித்த பிள்ளை வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். நாம் அதைச் சோம்பேறி என்போம்.

எனவே தரையை மூன்று வேளை துடைப்பதைவிட, பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது முக்கியம். சமைக்கும் முன்பும் சோறூட்டும் முன்பும் அப்படியே. இதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். “பால் குடிக்கிற பிள்ளை பீதானே” என்று சேலை நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறோம். நாப்கினைச் சுருட்டிப் பக்கத்துக் காலிமனையில் எறிகிறோம். மாலையில் தெருப்பிள்ளைகள் பந்து விளையாடுவதும் அதே மனையில்தான். கழிவைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு நாப்கினைப் பொட்டலமாகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுக்க வேண்டும்.

வெளியே போகும் பிள்ளைக்குச் செருப்பு வேண்டும். குடற்புழு நீக்க நாளன்று, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையையும் தவறவிடாதீர்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பாதி மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து; இரண்டு முடிந்தால் முழு மாத்திரை.