ஒரு கரண்டி மருந்து: ஹைதராபாத் சொல்லும் பாடம்

தார்நாக்காவில், உஸ்மானியா பல்கலைக் கழகத்தை ஒட்டி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. செகந்திராபாத் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் பலர் அதன் வாசலைத் தினந்தோறும் கடந்து போகிறார்கள். அது நம் நீலகிரியிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஸ்தாபனம் என்பது பலருக்குத் தெரிந்திராது.

1918-ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், டாக்டர் ராபர்ட் மக்காரிசன் 'பெரிபெரி' நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறைதான் வளர்ந்து பெரிய ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு வந்தது. 1969-ல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. அப்போது அதன் டைரக்டராக இருந்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

சுகாதார இலாகாவின் கையில் இருக்கும் பணம் எப்போதும் குறைவு. அதை எந்த மருந்துக்கு, எந்த வயதுக் குழந்தைக்கு, எவ்வளவு காலம் செலவிடுவது? இதை ஆராய்ச்சியின் துணை கொண்டு முடிவு செய்வது எப்படி என்பதற்கு இந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கரண்டி கொடுக்கப்படும் வைட்டமின் 'ஏ' மருந்தின் கதைதான் அது.

கண்ணைக் காக்க வந்த மருந்து

வைட்டமின் 'ஏ' குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பிறகு வெள்ளை விழியில் நுரை போன்ற புள்ளிகள் தோன்றும். முற்றிவிட்டால் கருவிழியே குழைந்து, குழந்தை நிரந்தரமாகப் பார்வையை இழந்து விடும். 1960-களில் ஏழை வீட்டுக் குழந்தைகளிடம் இந்தக் கொடுமை சாதாரணமாகக் காணப்பட்டது.

கீரையிலும் பாலிலும் முட்டையிலும் இருந்து கிடைக்க வேண்டிய சத்து இது. ஆனால் வறுமை தீரும் வரை கண்கள் காத்திருக்குமா? விஞ்ஞானிகளுக்கு ஒரு வழி தென்பட்டது. வைட்டமின் 'ஏ'-யைக் கல்லீரல் சேமித்து வைத்துக் கொள்ளும். ஆகவே ஒரே தவணையில் நிறையக் கொடுத்தால் பல மாதங்களுக்குத் தாங்கும் அல்லவா?

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை 3 லட்சம் யூனிட் கொடுத்ததில், குழந்தைகளின் கண்களில் குறைபாட்டு அடையாளங்கள் நன்கு குறைந்தன. அந்த ஆதாரத்தைக் கொண்டு 1970-ல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டமே தொடங்கியது. 1 முதல் 5 வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட் என்று அளவு வகுக்கப்பட்டது. உணவு சீராகும் வரையில் தற்காலிக உதவி என்பதே டாக்டர் கோபாலன் போன்றோரின் எண்ணம்.

உயிரையும் காக்குமா?

1986-ல் இந்தோனேஷியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அமெரிக்க டாக்டர் ஆல்பிரட் சோமரும் அவருடைய குழுவினரும் சுமத்ரா தீவில் 450 கிராமங்களில் நடத்திய ஆராய்ச்சியில், இந்த மருந்து கொடுக்கப்பட்ட கிராமங்களில் குழந்தை இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணுக்கென்று வந்த மருந்து உயிரையும் காக்குமானால் அதைவிட மலிவான வரப்பிரசாதம் வேறென்ன?

நம் நாட்டிலும் அப்படித்தானா என்று அறிய இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் நடந்தன. இரண்டின் முடிவும் 1990-ல் வெளிவந்தன.

ஒன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹமத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை எடுத்துக் கொண்டார்கள். ஒரு பாதிக்கு வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் 'ஏ'. மறு பாதிக்கு அது இல்லாத மருந்து. வைட்டமின் பெற்ற பிரிவில் இறப்பு 54 சதவீதம் குறைந்தது.

மற்றொன்று ஹைதராபாத் நிறுவனத்தாருடையது. டாக்டர் கே. விஜயராகவன் குழுவினர் இந்நகரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 15,775 குழந்தைகளைக் கவனித்தார்கள். 7,691 பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் யூனிட். 8,084 பேருக்குப் பார்வைக்கு அதே போன்ற, ஆனால் வைட்டமின் இல்லாத மருந்து. எது எவருக்குப் போகிறது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது இரு பிரிவிலும் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

நாட்டுக்கே இந்த மருந்தைச் சிபாரிசு செய்த ஸ்தாபனம் இது. தன் மருந்துக்குப் பெருமை சேர்க்காத முடிவை அது மூடி மறைக்கவில்லை, உலகறிய வெளியிட்டது.

எட்டாத குழந்தை

ஒரே வருஷத்தில் இரண்டு விடை வந்தால் எதை நம்புவது? இரண்டும் உண்மையாக இருக்கலாம். திருச்சியில் கொடுத்தது, ஒரு குழந்தை ஒரு வாரத்தில் உணவிலிருந்து பெற வேண்டிய அளவை ஒட்டிய சிறு பங்கு, அதுவும் வாராவாரம். இங்கே கொடுத்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய அளவு. மருந்து ஒன்றானாலும் முறை வேறு, ஊரும் வேறு.

ஹைதராபாத் கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எந்தப் பிரிவானாலும் சரி, ஒரு தவணை கூடப் பெறாத குழந்தைகளிடம்தான் இறப்பு மிக அதிகமாக இருந்தது. வைட்டமின் இல்லாத வெறும் மருந்துப் பிரிவிலும் இதே கதைதான். அப்படியானால் அந்தக் குழந்தைகளைக் கொன்றது மருந்தில்லாக் குறை மட்டுமல்ல. சுகாதார ஊழியர் போய்ச் சேராத வீடு, வேலை தேடி ஊர் மாறும் குடும்பம் போன்ற பல குறைகள் அதன் பின்னே இருக்கக் கூடும். எத்தனை பாட்டில் செலவாயிற்று என்று மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இது தெரியாது. எந்த வீடு விட்டுப் போயிற்று என்று பார்ப்பவருக்கே தெரியும்.

பத்து லட்சம் குழந்தைகள்

அதன் பிறகு உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில், அங்கன்வாடிகள் மூலம் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் மிகப் பெரிய சோதனை நடந்தது. 1999-ல் தொடங்கி 2004-ல் முடிந்தது. 1 வயது முதல் 6 வயதுக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்ற பகுதியில் 100-க்கு 2.5, பெறாத பகுதியில் 2.6. இவ்வளவு முக்கியமான இந்த முடிவு அச்சில் வந்தது 2013-ல்தான். அதற்குள் எத்தனை பட்ஜெட்டுகள் போட்டாகி விட்டன!

இதனால் மருந்தே வீண் என்று சொல்லிவிட முடியாது. கண்ணைக் காக்கும் அதன் சக்தியை எவரும் மறுக்கவில்லை. பல நாடுகளின் ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த உலக சுகாதார நிறுவனம், குறைபாடு பரவலாக உள்ள இடங்களில் இதைக் கொடுக்கும்படி 2011-லும் சிபாரிசு செய்தது. டாக்டர் கோபாலனோ, உணவின் இடத்தை மருந்து நிரந்தரமாகப் பிடித்துக் கொள்ளக் கூடாது என்று வாதாடி வந்தார். 2019-ல் தமது நூறாவது வயதில் அவர் காலமானார்.

2016-18-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 18 சதவீதத்தினருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. கடுமையான பொதுப் பிரச்னை என்று கருத உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 20 சதவீதம். மாநிலத்துக்கு மாநிலம் நிலைமையில் பெரும் வேறுபாடும் உண்டு. கூட்டமில்லாத ஊருக்கும் நெரிசல் மிகுந்த ஊருக்கும் ஒரே எண்ணிக்கையில் வண்டி விட்டால் எப்படி? குறை எங்கே இருக்கிறது என்று மாவட்டம் மாவட்டமாக எண்ணிப் பார்த்து, வேண்டிய இடத்தில் தொடர்வதும் வேண்டாத இடத்தில் நிறுத்துவதும்தான் முறை. 1970-ல் எடுத்த முடிவு அன்றைக்குச் சரி. இன்றைக்கும் சரிதானா என்பதை இன்றைய கணக்குதான் சொல்ல வேண்டும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. திட்டம் இன்னும் நடக்கிறது; 9-வது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு முதல் தவணை தொடங்கும். அதைத் தாமாகவே தவிர்க்கவோ, கடையில் வாங்கி அதிகப்படியாகக் கொடுக்கவோ கூடாது. கல்லீரலில் தங்கும் சத்து அளவு மீறினால் கெடுதல் செய்யும். தவணைத் தேதியை அட்டையில் குறித்து வாங்கிக் கொள்வது நல்லது. முருங்கைக் கீரையும், இவ்வூரில் மலிவாகக் கிடைக்கும் பாலக் கீரையும் கொஞ்சம் எண்ணெயோடு தினமும் குழந்தையின் தட்டில் விழுந்தால், கரண்டிக்கு வேலை தானாகவே குறையும்.