சேவ் பண்ணினீங்களா, மாமா?

பி.காம். படித்தவனுக்கு உலகம் இரண்டே பத்திதான்: டெபிட், கிரெடிட். அவனைப் போய் ஒரு எல்.ஈ.டி. வீடியோ சுவரை இயக்கச் சொன்னால்?

என் மச்சினன் கல்யாண மண்டபங்களுக்கு அந்தச் சுவரை வாடகைக்கு விடுகிறான். போன ஆவணியில் ஒரு ரிசப்ஷன். ஆபரேட்டர் பையனின் அம்மாவுக்குத் திடீரென்று நெஞ்சு வலி. அவன் ஊருக்குப் போய்விட்டான்.

''மாமா, நீங்கதான் கம்ப்யூட்டர்ல எழுதறீங்களே, கொஞ்சம் வாங்களேன்!''

எனக்குத் தெரிந்தது டைப் அடிப்பது மட்டும். இருந்தாலும் போனேன். சாப்பாடு நன்றாக இருக்கும் என்றான்.

விஷயம் இதுதான். அரை மீட்டர் சதுரப் பெட்டிகள். அகலத்தில் 8, உயரத்தில் 5. ஒவ்வொன்றுக்குள்ளும் ரிசீவிங் கார்டு என்று ஒன்று உண்டு. முழுப் படத்தில் தன் பங்கு எது என்று அதற்குத் தானாகத் தெரியாது. லேப்டாப்பிலிருந்து நாம்தான் சொல்லவேண்டும். அதற்கான மென்பொருளின் பெயர் நோவா எல்.சி.டி. நம் எல்.சி.டி. டி.வி. என்று நினைக்காதீர்கள், இது வேறு 'டி'.

திறந்தால் பாதி மெனுவைக் காணோம். ''லாகின் பண்ணணும் மாமா. பாஸ்வேர்ட் 'அட்மின்'.'' இந்த ராணுவ ரகசியம் கம்பெனியின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது!

உள்ளே போனதும் கணக்கு வந்தது. எனக்கும் தெம்பு வந்தது. ஒரு பெட்டியில் 168-க்கு 168, அதாவது 28,224 புள்ளிகள். நாற்பது பெட்டிக்கு 11,28,960. ஒரு நெட்வொர்க் கேபிள் தாங்குவது சுமார் 6.5 லட்சம். ஆகவே இரண்டு கேபிள். இடது பாதி ஒன்றுக்கு, வலது பாதி இன்னொன்றுக்கு.

அடுத்து, கேபிள் பெட்டி பெட்டியாகப் போகும் பாதையை மௌஸால் கோடு இழுத்துக் காட்டவேண்டும். இங்கேதான் முதல் சறுக்கல். கேபிள் போட்டவன் திரைக்குப் பின்னால் நிற்கிறான். மென்பொருளோ முன்னாலிருந்து பார்க்கிறது. அவனுடைய இடது எனக்கு வலது. மாப்பிள்ளையின் இரண்டு காதும் நடுவில் வந்து சந்தித்துக்கொண்டன. மாற்றி இழுத்து 'சென்ட்' அழுத்தினேன். சுவர் முழுக்க மணமக்கள் சிரித்தார்கள். நானும்.

ஆறே முக்காலுக்கு மணப்பெண்ணின் அம்மா வந்தார். ''தம்பி, பொண்ணு மேடை ஏறும்போது அவ அப்பா போட்டோ வரணும். போன வருஷம் தவறிட்டார். இதுக்காகத்தான் இவ்வளவு பெரிய டி.வி. எடுத்தோம்.''

''கவலைப்படாதீங்கம்மா.''

ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடி, சுவருக்கு உயிர் வந்தபோது மாப்பிள்ளையின் ஷூ உச்சியில் இருந்தது. பெண்ணின் மூக்கு மூலையில். கார்டுகள் முந்தைய விழாவின் வரிசைக்குத் திரும்பியிருந்தன.

மச்சினன் ஓடி வந்தான். ''சேவ் பண்ணினீங்களா, மாமா?''

இல்லை. 'சென்ட்' என்பது பென்சிலால் எழுதிய கணக்கு. கார்டின் தற்காலிக நினைவில் இருக்கும். மின்சாரம் போனால் அழிந்துவிடும். 'சேவ்' அழுத்தினால்தான் பேனாவால் எழுதினது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும் வித்தியாசம், பி.காமுக்குத் தெரியவில்லை.

நல்லவேளை, லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு. நான் இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. கருவியோடு மறுபடி தொடர்பு கிடைக்க அரை நிமிஷம். எனக்கு அரை யுகம். பெண் மண்டப வாசல் தாண்டி வந்துகொண்டிருந்தாள். 'சென்ட்'. உடனே 'சேவ்'.

அவள் முதல் படியில் கால் வைத்தபோது, பதிமூன்று அடி அகலத்தில் அப்பா சிரித்தார். பெண் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா புடவைத் தலைப்பைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். என் கை நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மச்சினனிடமிருந்து போன்.

''மாமா, வாடகையை 'சென்ட்' பண்ணியாச்சுன்னு மண்டபத்துல சொல்றாங்க. என் அக்கவுண்ட்ல இன்னும் 'சேவ்' ஆகலை!''