நரம்பு அல்ல, நாண்!

காலையில் எழுந்ததும் பல் துலக்கும் பிரஷ்கூட கனக்கிறதா? வாளியைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று இழுக்கிறதா? "நரம்பு இழுத்துக்கிச்சு, தைலம் போட்டு உருவி விட்டா சரியாப் போயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். மரம் சீவுகிறவர்களுக்கும் செம்பனைக் குலை அறுக்கிறவர்களுக்கும் இது பழகிப்போன பேச்சு.

ஆனால் அன்பர்களே, பெரும்பாலும் அது நரம்பே அல்ல. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் வெள்ளைக் கயிறு அது. தசைநாண் என்று பெயர். எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டுவது பிணைநார். இரண்டுமே கொல்லாஜென் என்ற புரத இழைகளால் ஆனவை.

தசைவலி நாலு நாளில் போய்விடுகிறது. நாண்வலி மட்டும் ஏன் நாலு மாதமானாலும் போகமாட்டேன் என்கிறது? காரணம் அதன் மரபணுக்கள் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

நம் உடம்பின் உயிரணுக்களில் எல்லா வேலைக்கும் உத்தரவுச் சீட்டு உண்டு. எந்தச் சீட்டை எப்போது எடுத்துப் படிப்பது என்று சொல்ல ஒரு கங்காணி வேண்டுமே! நாணுக்குக் கங்காணி ஸ்கிளெராக்சிஸ் என்ற மரபணு. கரு வளரும்போது இதுதான் மற்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பி நாணை உருவாக்குகிறது. இந்த மரபணு இல்லாத எலிகளைப் பற்றிய ஆராய்ச்சி 2007-ல் வெளிவந்தது. அந்தக் குட்டிகளுக்குத் தசை இருந்தது, எலும்பு இருந்தது. பல நாண்கள் சரியாக உருவாகவில்லை. பாதங்களைச் சரியாகப் பயன்படுத்த முடியவில்லை. வாலை அசைக்கவே முடியவில்லை.

பிறந்த எலிக்குட்டியின் நாணை வெட்டினால், ஸ்கிளெராக்சிஸ் விழித்திருக்கும் உயிரணுக்கள் வந்து பழையபடி கட்டிவிடுகின்றன. வளர்ந்த எலிக்கு அப்படி நடப்பதில்லை. வேறு உயிரணுக்கள் வந்து தழும்பு போட்டு அடைக்கின்றன. 2017-ல் கண்ட உண்மை இது. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரிதான்.

மனிதருக்கு? இதைக் கண்டுபிடித்த விதமே விந்தை. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்தன. காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது; பிறகு மெல்லக் குறைந்தது. சாப்பாடு வழியே அது எல்லார் உடம்பிலும் சேர்ந்தது. அதன் அளவை வைத்து உடம்பின் எந்தப் பாகம் எந்த வருடத்தில் உண்டானது என்று சொல்லலாம். டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் குதிகால் நாணின் நடுப்பகுதியைச் சோதித்துச் சொன்னார்கள்: சுமார் 17 வயதுக்குள் உருவானது, அதற்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. சின்ன வயதில் கிடைத்த கயிற்றை வைத்துத்தான் அறுபது வயதிலும் நடக்கிறோம்!

அதற்காகப் பாயில் படுத்துக்கிடந்தாலும் ஆகாது. இழுவை இருந்தால்தான் அந்தக் கங்காணி விழித்திருப்பார். இழுவை நின்றால் தூங்கிவிடுவார், நாண் மெலியும். ஆனால் கடும் வேலைக்குப் பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை நாணில் கட்டுவதைவிடச் சிதைவதுதான் அதிகம். அதன் பிறகே கட்டுமானம் முந்துகிறது. பகல் இரண்டு மணிக்கு வேலை முடித்து மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நிற்கிறவருக்கு நடுவில் 16 மணி நேரம்தான். கணக்கு எங்கே உதைக்கிறது என்று நீங்களே பாருங்கள். வலிக்கிறவரைச் சோம்பேறி என்று சொல்கிற மண்டோரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

முழங்கை வலி தொடங்கினால், ஒரே வேலையைத் தினமும் செய்யாமல் மாற்றித் தரக் கேளுங்கள். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்குங்கள். மற்றக் கையால் தூக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் வலி கூடினால் குறைத்துக்கொள்ளுங்கள். 12 வாரமாவது ஆகும். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களைவிடப் போட்டவர்களுக்கே வலி அதிகம் திரும்பியிருந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் அரிதாக நாணை அறுத்துவிடும். அதைத் தின்னும்போது குதிகால் வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பட்டென்று சத்தம் கேட்டு, பிறகு நுனிக்காலில் நிற்க முடியவில்லையா? அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் தேதியில், என்ன வேலை செய்யும்போது வலி வந்தது என்பதை மருத்துவச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சொக்சோ மனு போடும்போது அந்த ஒரு வரி தேவைப்படும்.