உச்சியில் பந்து நிற்கிறதா?

ஐதராபாத்தின் அல்வால் மைதானத்தில் தூக்கி அடித்த கிரிக்கெட் பந்து உச்சியைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் அது நின்றுவிட்டதா?

இல்லை. மேல்நோக்கிய வேகம்தான் பூஜ்யம். முன்னோக்கிய வேகம் அப்படியே இருக்கிறது. முடுக்கமோ பாதை நெடுக மாறுவதில்லை: ஒவ்வொரு நொடியும் பந்தின் செங்குத்து வேகத்தைப் புவியீர்ப்பு நொடிக்கு 9.8 மீட்டர் கீழ்நோக்கி மாற்றுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், மேல்நோக்கி நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பந்துக்கு உச்சிக்கு 2 நொடி, தரைக்கு இன்னும் 2 நொடி. உச்சியில் முடுக்கமும் அற்றுப்போனால், பந்து இறங்கவே இறங்காது. கிடைமட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும்!

ஏவுகணைக்கும் இதே விதிதான். ஐதராபாத் ஆய்வகங்களில் அப்துல் கலாம் காலத்தில் உருவான அக்னி, 1989 மே 22 அன்று சாந்திப்பூரிலிருந்து பாய்ந்தது. என்ஜின் அணைந்து, காற்று மெலிந்த உயரத்தில் அதன் பாதையை வளைத்தது புவியீர்ப்புதான்.