"ஒப்புக்கொள்கிறேன்" என்ற சிறு கட்டம்

எங்கள் ராத்தா வீட்டிலிருந்தே அபாயா தைத்து விற்கிறார். தனக்கென ஒரு முகநூல் பக்கம் திறந்து நடத்தும் வேலையை மாதக் கட்டணத்துக்கு ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார். ஐந்து மாதத்தின் பின், கட்டணம் கட்டுப்படியாகாமல் நிறுத்தப்போனார். பக்கத்தைத் தர அவர்கள் மறுத்துவிட்டார்கள். "எங்கள் இணையத்தளத்தின் நிபந்தனைகளை ஏற்றுத்தானே சேர்ந்தீர்கள்?" என்றார்கள்.

அன்றிரவு நாங்கள் இருவரும் அகராதியோடு உட்கார்ந்து அந்த ஆங்கில நிபந்தனைகளை வாசித்தோம். கட்டணம் முற்பணம், நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பவை விளங்கின. விற்பனை கூடும் என்று உத்தரவாதமில்லை என்றும் இருந்தது. அது நியாயம்தான், ஒரு பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பது முகநூல்.

சிக்கல் ஒன்பதாவது பந்தியில் இருந்தது. நிறுவனம் உருவாக்கும் பக்கமும் படங்களும் நிறுவனத்துக்கே சொந்தமாம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை செய்வித்தவருக்கே உரியது. ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் மட்டுமே. இங்கே ஒப்பந்தம் வேறுவிதமாகத்தான் சொன்னது. கையொப்பமே வைக்கவில்லையே என்றார் ராத்தா. இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம். கட்டத்தில் இட்ட சரி அடையாளமே போதுமாகிவிட்டது.

வாசிக்காமல் ஒப்புக்கொள்பவர் ராத்தா மட்டுமல்ல. 2010 ஏப்ரல் முதலாம் திகதி, பிரித்தானியாவின் கேம்ஸ்டேஷன் என்ற கடை, வாங்குபவர் தன் ஆன்மாவைக் கடைக்குக் கொடுப்பதாக நிபந்தனைகளில் வேடிக்கையாக ஒரு வரி சேர்த்தது. ஆயிரக்கணக்கானோர் ஒப்புக்கொண்டார்கள். "ரூஹையுமா?" என்று கேட்டு அன்று முதன்முறையாகச் சிரித்தார் ராத்தா.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனமான சூரதுல் பகராவின் 282 ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வது பற்றியது. கடன்பட்டவர் சொல்ல எழுத்தர் எழுதவேண்டும் என்கிறது அது. அதாவது, சுமை யார் மேல் விழுகிறதோ அவருடைய வாயிலிருந்தே வாசகம் வரவேண்டும். இணையத்திலோ ஒரு தரப்பு தனக்குத் தோதாக எழுதி வைக்கிறது. மற்றத் தரப்புக்குக் கிடைப்பது ஒரு கட்டம்.

புதிய பக்கத்தை ராத்தா தானே திறந்தார். முகநூலில் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே இன்னொருவருக்குப் பதிவிடும் அனுமதி மட்டும் கொடுக்கலாம். முழுக் கட்டுப்பாடு நம்மிடமே இருக்கும். இப்போது பதிவிடுபவள் எங்கள் சாச்சியின் மகள். அவளோடும் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். முதல் வரி, பக்கம் யாருடையது என்பது. அவள் சொன்ன இரண்டு வரிகளும் அதில் இருக்கின்றன. குடும்பத்துக்குள் இதெல்லாம் எதற்கு என்று உம்மாவுக்கு இன்னும் கோபம்.