நாவை அசைக்காமல் வரும் பேச்சு

ஏ.எல்.எஸ். என்ற நரம்புநோய் முற்றும்போது கை, கால், நாக்கு என ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். பலருக்கு அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். சொல்ல நினைத்ததெல்லாம் உள்ளேயே தங்கிப்போகும் கொடுமை அது. இந்நோயால் பேச்சு குழறிப்போன 45 வயதுக்காரர் ஒருவருக்கு, அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள் 2023 ஜூலையில் மூளையில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். சொல்ல முயன்ற சொற்கள் சரியாகத் திரையில் தோன்றிய முதல் நாளில் அவர் அழுதார், ஆய்வாளர்களும் அழுதார்கள்.

இதை ‘மனதைப் படிக்கும் கருவி’ என்பது தவறு. பேச முயலும்போது உதடு, நாக்கு, தாடை, குரல்வளைக்கு மூளை கட்டளை இடுகிறது. நோயில் அந்தக் கட்டளை தசையைச் சென்றடைவதில்லை. ஆனாலும் அது பிறந்துகொண்டுதான் இருக்கிறது. இடப்பக்க மூளையில் பதித்த 256 மின்முனைகள் அந்தத் துடிப்புகளைப் பிடிக்கின்றன. அவை எந்தெந்த ஒலிகளுக்கு உரியவை என்று கணினி கணித்துச் சொற்களாகக் கோக்கிறது. 1,25,000 சொற்கள் கொண்ட தொகுப்பில் 97.5 சதவீதம் சரியாக வந்ததாக 2024இல் ஆய்வு முடிவு வெளியானது.

ஆனால் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 32 சொற்கள்தான். இயல்பான ஆங்கிலப் பேச்சில் 150க்கு மேல். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் அதே குழு 2025இல் வெளியிட்ட ஆய்வை இன்னும் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். எழுத்தாக மாற்றாமல், மூளைத் துடிப்பை ஏறக்குறைய 25 மில்லி விநாடியில் நேரடியாகக் குரலாக்கினார்கள். கேள்வி கேட்கும்போது தொனியை உயர்த்தவும், குறுக்கிட்டுப் பேசவும் அவரால் முடிந்தது. கேட்டவர்களுக்குப் புரிந்தது 60 சதவீதச் சொற்கள் அளவுக்குத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், கம்பி இணைப்பும் வேண்டும். இது இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டி வரவில்லை.

இதைத் தமிழுக்குக் கொண்டுவர வேலை அதிகம். ஆங்கிலத்துக்கு உதவிய சொல்பட்டியல் இங்கே போதாது. ஒரே வினைச்சொல் நூற்றுக்கணக்கான வடிவங்களில் வரும். நம் ஒலிகளுக்கும் சொல்லமைப்புக்கும் தனியே மென்பொருளைப் பயிற்றுவிக்க வேண்டும்.

குரல் விஷயத்தில் மட்டும் இன்றே ஒன்று செய்யலாம். பக்கவாதத்தால் பேச்சிழந்த பெண் ஒருவருக்கு, அவருடைய திருமணத்தில் பதிவான குரலைக் கொண்டே சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2023இல் செயற்கைக் குரல் அமைத்தார்கள். ஏ.எல்.எஸ். இருப்பது தெரியவந்த குடும்பங்கள், குரல் தெளிவாக இருக்கும்போதே அதைக் கைப்பேசியிலாவது நிறையப் பதிந்து வையுங்கள்.